சந்தாக் காசில் ஐம்பது ரூபா குறைந்தது

"லைப்ரரி ஒண்டு எங்களைக் கேளாமல் ஒரு வேலை பாத்திருக்கடி" என்று மச்சாள் போனில் சொன்னபோது நான் உண்மையாகவே லைப்ரரிக்குள் இருந்தேன். திருநெல்வேலியில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில், மொழியியல் அசைன்மென்டுக்காக ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு. கலைப்பீடத்துக்காரிக்கு லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கிற இடம். அறிவியல் நகரில் கணினிப் பொறியியல் படிக்கிற மச்சாளுக்கு லைப்ரரி என்றால் வேறு ஆரோ எழுதி வைத்த நிரல், நாங்கள் திரும்ப எழுதாமல் எடுத்துப் பாவிப்பது. இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. உள்ளே இருப்பதை முழுக்க வாசித்துவிட்டு ஒருத்தரும் வெளியே வருவதில்லை.

அந்த லைப்ரரி பார்த்த வேலையை முதலில் கண்டுபிடித்தது மச்சாளும் இல்லை, நானும் இல்லை. எங்கள் அம்மம்மா. வயது எழுபத்து நாலு, கையில் ஒரு பட்டன் போன். அவ கண்டுபிடித்த கதையைத்தான் எழுதப்போகிறேன். கோடிங் தெரியாத ஆட்கள் பயப்பட வேண்டாம். எனக்கும் தெரியாது. மச்சாள் சொல்லக் கேட்டு, விளங்காததை இரவில் தேடி வாசித்து, திரும்ப அவளிடம் ஏச்சு வாங்கித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

எங்கள் ஊர் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட. ஊரில் ஒரு மரண சகாயச் சங்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரர் கடனுக்கு ஓடக்கூடாது என்று ஊர் சேர்ந்து வைத்திருக்கிற நிதி. பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் ஐம்பது ரூபா சந்தா. சாவு என்றால் சங்கம் ஒரு தொகை கொடுக்கும். கதிரை, தறப்பாள், தேத்தண்ணிக்குப் பெரிய கேத்தில் எல்லாம் அனுப்பும்.

கணக்கு முழுக்க சீ.ஆர். கொப்பிகளில் இருந்தது. செயலாளர் அன்ரியின் கையெழுத்து. குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் பெயர், பிறந்த ஆண்டு, போன் நம்பர். கடைசி நிரலில் "உயிருடன்" என்று தலைப்பு, கீழே சரி அல்லது பிழை அடையாளம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. சரியும் இல்லை, பிழையும் இல்லை. சிலதில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"இது எழுத மறந்ததோ அன்ரி?" என்று கேட்டேன்.

"மறக்கேல்ல. தாய்மாரிட்டைக் கேட்டனான். ஒண்டும் போடாதைங்கோ எண்டவை."

பதினாறு கட்டங்கள் அப்படி இருந்தன. அதில் ஒன்று எங்கள் மாமாவின் கட்டம். அம்மாவின் தம்பி. 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டது. எனக்கு அப்போது ஐந்து வயது. அவருடைய முகம் எனக்கு ஞாபகமா, அல்லது சாமித்தட்டில் இருக்கிற படம் ஞாபகமா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. (சாமித்தட்டில் என்றாலும் அந்தப் படத்துக்கு மாலை கிடையாது. பக்கத்தில் அம்மப்பாவின் படத்துக்கு இருக்கிறது.)

அம்மம்மாவின் அட்டையில் இரண்டு பேர், அவவும் மாமாவும். ஆகவே மாதம் நூறு ரூபா. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து மாமாவுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறா. ஏன் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. சங்கத்திலும் கேட்டதில்லை. சந்தா என்பது உயிரோடு இருக்கிற ஆளுக்குக் கட்டுவது. அவ்வளவுதான்.

போன வருடம் கொப்பிகளில் ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் "பிள்ளையள், இதைக் கொம்பியூட்டரில ஏத்தித் தாங்கோவன்" என்று அன்ரி கேட்டா. மச்சாளுக்கு ஒரு புறொஜெக்ட் தேவைப்பட்டது. எனக்கு லீவு. போனில் பதிகிற ஒரு சின்ன அப், லப்டொப்பில் சந்தாவைக் கணக்கிட்டுத் துண்டு அடிக்கிற ஒரு நிரல். போனில் இருப்பது ஒரு கோப்பாக லப்டொப்புக்கு வரவேண்டும். இந்த "கோப்பாக" என்ற சொல்லுக்குள்தான் எல்லாப் பிரச்சினையும் இருந்தது.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆளைப் பற்றிய தகவல் கணினியின் நினைவகத்தில் ஒரு உருவமாக இருக்கும். பெயர் ஒரு இடத்தில், வயது ஒரு இடத்தில், குடும்பத்தோடு தொடுக்கிற கயிறு இன்னொரு இடத்தில். அதை அப்படியே தூக்கி இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக முடியாது. ஒரே வரிசையான எழுத்துகளாகக் கழற்றி அடுக்கி, அனுப்பி, அங்கே திரும்பப் பூட்ட வேண்டும். கழற்றுவதற்குப் பெயர் சீரியலைசேஷன், பூட்டுவதற்குப் பெயர் டீசீரியலைசேஷன். அம்மா பின்னேரம் பார்க்கிற சீரியலுக்கும் இதற்கும் வேர்ச்சொல் ஒன்றுதான், வரிசை.

மச்சாள் இதை மூன்று தரம் விளங்கப்படுத்தியும் எனக்கு ஏறவில்லை. ஏறியது அம்மம்மா சொன்ன ஒரு கதையால். 2008இல் அவையள் முழங்காவிலிலிருந்து வெளிக்கிட்டபோது வீட்டைக் கழற்றித்தான் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினவை. தகரம், சிலாகை, வளை, கதவு, நிலை. அம்மப்பா ஒவ்வொரு மரத்திலும் கரியால் இலக்கம் போட்டாராம், எது எதோடு சேரும் என்று. அக்கராயனில் இறக்கிப் பூட்டினது. திரும்பக் கழற்றித் தருமபுரம். பிறகு விசுவமடு. ஒவ்வொரு தரமும் பூட்டும்போது ஏதாவது ஒன்று குறையும். "கதவு வந்துது, நிலை வரேல்ல. நிலை இல்லாட்டிக் கதவை என்னெண்டு பூட்டுறது, சாக்குத்தான் தொங்கவிட்டது" என்றா அம்மம்மா.

இதை மச்சாளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மப்பா போட்ட இலக்கம்தானடி ஸ்கீமா" என்றாள். கழற்றுகிறவரும் பூட்டுகிறவரும் ஒரே இலக்கத்தை ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்ற உடன்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது.

நாங்கள் எடுத்த வடிவம் ஜேசன். டக்ளஸ் குரொக்போர்ட் என்பவர் 2000களின் தொடக்கத்தில் பரப்பியது, இப்போது உலகத்தில் பாதி அப்புகள் இதில்தான் கதைக்கின்றன. அதற்குள் வைக்கக்கூடியவை மிகக் கொஞ்சம்: எழுத்துச் சரம், எண், உண்மை, பொய், வரிசை, பெயரிட்ட பெட்டி, இன்னுமொன்று நல். திகதி என்று ஒரு வகையே இல்லை. நல் என்பது ஆங்கிலத்தில் வெறுமை. தமிழ்ப் படிக்கிற எனக்கு நல்லூர், நல்வரவு என்றுதான் காதில் விழும். மச்சாள் "இதில நல் வருது, அதில நல் வருது, நல்லாலதான் பிரச்சினை" என்று புலம்பும்போது சிரிப்பு வரும். பிறகு வரவில்லை.

முதல் கிழமை வந்த பிரச்சினைகள் எல்லோருக்கும் வருகிறவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் ஆரோ முன்பு பாதிப் பெயர்களைப் பாமினியில் அடித்து வைத்திருந்தார்கள். பாமினி என்பது எழுத்துக்குப் போட்ட சட்டை. கண்ணுக்கு "அம்மா" என்று தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, திரும்ப கே, எச். சட்டையைக் கழற்றினால் அதுதான் வரும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பெயர்களைப் பைதனில் ஜேசனாக எழுதியபோது கோப்பு முழுக்கப் பின்சாய்கோடும் யூவும் இலக்கங்களுமாக வந்தது. "அ" இருக்க வேண்டிய இடத்தில் 0பி85. தமிழ் அழிந்துபோய்விட்டது என்று நான் பதறினேன். அழியவில்லை. பைதனின் ஜேசன் லைப்ரரி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், ஆங்கில எழுத்து வட்டத்துக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் இலக்கமாக்கித்தான் எழுதும். வாசிக்கும்போது திரும்ப எழுத்தாகிவிடும். ஒரு அமைப்பை மாற்றினால் தமிழாகவே எழுதும். பிழையில்லை, ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கிற செயலாளர் அன்ரிக்கு அவவுடைய ஊர் அதில் தெரியவே தெரியாது. அதனால் மாற்றினோம். போன் நம்பரை எண் என்று வைத்ததால் முன்னால் இருந்த சைபர் விழுந்து, 077 எல்லாம் 77 ஆகியது. அது மச்சாளின் கவலையீனம், அவளே ஒப்புக்கொண்டாள். போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, அது எழுத்துச் சரமாக இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிழைகள். கோணல்மாணலாக வந்தால் பார்த்த உடனே தெரியும், திருத்தலாம்.

முதல் துண்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் வைத்துக் கொடுத்தோம். அழகாக இருந்தது. யூனிகோடுத் தமிழ், கோடு போட்ட அட்டவணை, கீழே மொத்தம். எல்லோரும் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். "எங்கட பிள்ளையள் செய்தது" என்று தலைவர் இரண்டு தரம் சொன்னார். அம்மம்மா வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கையில் இருந்த நூறு ரூபாத் தாளை விரித்து வைத்துக்கொண்டு கன நேரம் பார்த்தா.

"பிள்ளை, காசு குறைஞ்செல்லோ கிடக்கு."

"குறைஞ்சா நல்லதுதானே அம்மம்மா" என்று பக்கத்தில் நின்ற ஆரோ பகிடி விட்டார்கள்.

"ஐம்பது எண்டு கிடக்கு. எனக்கு நூறு."

நான் துண்டை வாங்கிப் பார்த்தேன். அம்மம்மாவின் பெயர், உயிருடன்: ஆம். மாமாவின் பெயர், உயிருடன்: இல்லை. மொத்தம் ஐம்பது ரூபா.

அம்மம்மாவுக்குக் கணக்கு வாசிக்கத் தெரியும், எழுத்து அவ்வளவு ஓடாது. "இல்லை" என்ற சொல்லை அவ வாசித்தாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. துண்டை என் பையில் வைத்துக்கொண்டு, "மெசின் பிழை அம்மம்மா, நூறுதான்" என்றேன். அதற்குள் வாசிக்கத் தெரிந்த இன்னொரு அம்மா தன்னுடைய துண்டை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டா. பதினாறு துண்டில் எட்டைத் திரும்ப வாங்கினோம். மிச்சம் வீடுகளுக்குப் போய்விட்டது.

மச்சாள் அன்றைக்கு அழவில்லை. கிளிநொச்சிக்குப் போய் இரண்டு நாள் போனே எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் நான் லைப்ரரிக்குள் இருக்கும்போது அந்த அழைப்பு.

நடந்தது இதுதான். போன் அப்பில் "உயிருடன்" என்ற கட்டத்துக்கு அவள் மூன்று நிலை வைத்திருந்தாள்: உண்மை, பொய், நல். வெறுமையான கட்டங்களுக்கு நல். அதுவரை சரி, நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறாள். ஆனால் ஜேசனாகக் கழற்றிய லைப்ரரிக்கு ஒரு பழக்கம், நல்லாக இருக்கிற தகவலைக் கோப்பில் எழுதாது. இடத்தை மிச்சம் பிடிக்க. ஆகவே கோப்பில் மாமாவின் பெயர் இருந்தது, பிறந்த ஆண்டு இருந்தது, "உயிருடன்" என்ற சொல்லே இல்லை. அங்கிருந்து லப்டொப். அங்கே ஜாவாவில் அதே கட்டத்தை அவள் சின்ன பி போட்ட பூலியனாக எழுதியிருந்தாள். ஜாவாவில் பெரிய பி போட்ட பூலியனுக்குள் உண்மை, பொய், நல் மூன்றும் இருக்கலாம். சின்ன பி என்றால் இரண்டுதான். சொல்லப்படாவிட்டால் அது தானாகவே பொய். கோப்பில் ஒன்றும் இல்லாததால் லப்டொப் பொய் என்று எடுத்தது. பொய் என்றால் துண்டில் "இல்லை" என்று அடிக்கச் சொல்லி எழுதியவள் அவளேதான்.

இதில் ஒரு இடத்திலும் எரர் வரவில்லை. சிவப்பு எழுத்து இல்லை, நிரல் நிற்கவில்லை. ஒவ்வொரு படியும் அதனதன் விதிப்படி சரியாக நடந்து, கடைசியில் பதினாறு பேர் செத்துப்போனார்கள்.

அன்றிரவு நான் இதைப் பற்றித் தேடினேன். உலகம் முழுக்க நிரலாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது என்று தெரிந்தது: என் கோப்பில் அந்தக் கட்டத்தைக் காணவில்லை, எங்கே போனது? கூகிளின் ஜிசன் வழமையாக நல்லை எழுதாது, எழுது என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஜாக்சன் என்ற இன்னொன்று வழமையாக எழுதும், வேண்டாம் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே மொழி, ஒரே வேலை, நேரெதிர் பழக்கம். கோ மொழியில் "வெறுமை என்றால் விடு" என்று ஒரு குறிப்புப் போட்டால் நல் மட்டுமில்லை, சைபரும் பொய்யும் கூட விழுந்துவிடும். கூகிளின் புரோட்டோபஃப் மூன்றாம் பதிப்பில், எண், உண்மை–பொய் போன்ற எளிய கட்டங்களுக்கு "இது சைபர் என்று சொல்லப்பட்டதா, அல்லது சொல்லப்படவே இல்லையா" என்ற வித்தியாசத்தையே எடுத்துவிட்டார்கள். சனம் கேட்டுக் கேட்டு, 2021இல் வந்த வெளியீட்டில் வேண்டியவர்களுக்கு அதைத் திரும்பக் கொடுத்தார்கள்.

நல் என்பதையே கண்டுபிடித்தவர் டோனி ஹோர். 1965இல் அல்கோல் டபிள்யூ என்ற மொழிக்காக. செய்வது சுகமாக இருந்ததால் சேர்த்துவிட்டேன், அது நான் விட்ட நூறு கோடி டொலர்ப் பிழை என்று பிறகு ஒரு மாநாட்டில் அவரே சொன்னார். லண்டனில், 2009இல். அந்த ஆண்டைப் பார்த்ததும் நான் லப்டொப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அவருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைத்தான். ஆனால் எங்களுக்கு 2009 என்பது வேறு எதற்கும் பாவிக்க முடியாத இலக்கம்.

உண்மை, பொய் இரண்டே இரண்டு கட்டம் என்பது நிரலாளர் மட்டும் செய்கிற வேலையுமில்லை. போர் முடிந்த அடுத்த வருடம், 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலானவரின் மரணத்தைப் பதியலாம் என்று. காணி மாற்ற, பாங்குக் காசு எடுக்க, பிள்ளையின் அலுவல் பார்க்க ஏதாவது பத்திரம் வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ் எடு. எடுக்காவிட்டால் அவர் கடதாசியில் உயிரோடு இருக்கிறார், கையெழுத்துக்கு வரச்சொல். சின்ன பி பூலியன். 2016இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தி (16ஆம் இலக்கச் சட்டம்) காணாமற்போயிருக்கிறார் என்றே ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று வந்தது. அதே வருடம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. மூன்றாவது நிலையைச் சட்டத்தில் எழுத ஆறு வருடம் எடுத்திருக்கிறது. எழுதியது பெரிய விடயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காக அந்தச் சான்றிதழைக் கையில் வாங்க எல்லாத் தாய்மாரும் சம்மதிக்கவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் அவர்கள் கேட்டது பத்திரமில்லை, பதில். "காணாமற்போனவர்" என்ற சொல்லையே அவர்கள் ஏற்பதில்லை, "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்றுதான் சொல்வார்கள். தன்வினையா செயப்பாட்டு வினையா என்று முதலாம் வருடத்தில் எங்களுக்குப் பாடம். அந்தத் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த அம்மாக்களுக்கு அது வழக்கு.

ஆகவே மச்சாள் திருத்தத்தோடு வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவளுடைய திருத்தம் நிரலாளர் முறையில் சரியானதுதான். உண்மை–பொய்யைத் தூக்கிவிட்டாள். நல்லும் வேண்டாம். "நல் எண்டு எழுதி அனுப்பினாலும் வாங்குற பக்கம் சின்ன பி எண்டா பல லைப்ரரியள் பேசாமல் பொய் எண்டுதான் எடுக்கும்" என்றாள். அதற்குப் பதிலாக மூன்று சொல்: இருக்கிறார், இறந்தார், தெரியாது. மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரல் நின்றுவிடும், துண்டே அடிக்காது. அதோடு ஒரு சோதனை. கழற்றி, அனுப்பி, பூட்டி, போன ஆட்களும் வந்த ஆட்களும் ஒன்றா என்று ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடும். அதற்கு ரவுண்ட் ட்ரிப் டெஸ்ட் என்று பெயர். "போய்த் திரும்பி வாற சோதனை" என்று நான் தமிழில் சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

"மூண்டாவது சொல்லை நாங்கள் போடக்கூடாதடி. கேட்டுப் போடுவம்" என்றேன்.

பதினாறு வீட்டுக்கும் போனோம். முதலில் மன்னிப்புக் கேட்க, பிறகு சொல் கேட்க. மன்னிப்புக்கு ஒருத்தரும் பெரிதாக முகம் கொடுக்கவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். சேலைத் தலைப்பில் துண்டை முடிந்துகொண்டு போன அம்மா அதை எடுத்து வந்து, மடிப்புக் கலையாமல் என் கையில் தந்தா. "இதைக் கிழிச்சுப் போடு. என்ர கையால கிழிக்கேலாது."

சொல் விடயத்தில் மச்சாளின் பட்டியல் முதல் வீட்டிலேயே உடைந்துபோனது. "தெரியாது எண்டு போடாதை. அவைக்குத் தெரியும். எனக்குத்தான் சொல்லேல்ல" என்றா ஒரு அம்மா. இன்னொரு வீட்டில் "தேடுறம் எண்டு போடு." ஒரு ஐயா, மனிசி செத்துப்போய்த் தனியாக இருக்கிறவர், நீண்ட நேரம் யோசித்துவிட்டு "இறந்தார் எண்டே போடுங்கோ பிள்ளையள், நான் போனால் தேட ஆளில்லை" என்றார். நாங்கள் ஓம் என்றோம், வேறு என்ன சொல்வது. இரண்டு பேர் "காணாமல் ஆக்கப்பட்டார்" என்று முழுதாக எழுதச் சொன்னார்கள், இடம் காணாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்கு என்றும் சொன்னார்கள். மூன்று பேர் பழையபடி ஒன்றும் போடாதே என்றார்கள். "எழுதினா முடிஞ்ச மாதிரி."

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது மச்சாள் பின்னால் இருந்து கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். "மூண்டு நிலை எண்டு நினைச்சன். இப்ப ஏழு வருது. இதை என்னெண்டடி ஒரு ரைப்புக்குள்ள அடக்குறது?"

அடக்கவில்லை. இப்போது அந்தக் கட்டம் இரண்டாக இருக்கிறது. ஒன்று சந்தா கட்டுகிறவரா இல்லையா என்பது. அது ஆம், இல்லை மட்டும், ஏனென்றால் காசு விடயம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மற்றது வெறும் எழுத்து, வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே எழுதுவது. ஒன்றும் எழுத வேண்டாம் என்றவர்களுக்கு, "கேட்டோம், எழுத வேண்டாம் என்றார்கள்" என்று நிரலுக்குள் ஒரு அடையாளம் இருக்கிறது, துண்டில் அது பென்சில் புள்ளி மாதிரி ஒரு புள்ளியாக விழும். செயலாளர் அன்ரி வைத்த அதே புள்ளி. அவ கொப்பியில் எந்த லைப்ரரியும் இல்லாமல் முதலிலேயே சரியாகத்தான் செய்திருந்தா என்பது மச்சாளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

புறொஜெக்டுக்கு இப்படி இரண்டாகப் பிரித்தது, வெறும் எழுத்தாக விட்டது எல்லாம் நல்ல வடிவமைப்பு இல்லை என்று புள்ளி குறைத்தார்களாம். இருக்கலாம். எழுத்தாக விட்டால் பிறகு தேடுவது, எண்ணுவது கஷ்டம் என்பது உண்மை. எத்தனை பேர் என்று ஒரு பட்டனை அழுத்திக் கேட்டால் இந்த நிரல் இப்போது சொல்லாது. ஒவ்வொன்றாக வாசித்துத்தான் எண்ண வேண்டும்.

அம்மம்மாவிடம் கடைசியாகப் போனோம். அவ முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தா. மாமாவுக்கு என்ன போட என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சந்தா கட்டுறன்தானே. அதைப் போடு."

அப்படியே போட்டோம். கோப்பில் மாமாவின் பெயருக்கு நேரே, தமிழில், "சந்தா கட்டப்படுகிறது" என்று இருக்கிறது. போன மாதத் துண்டில் மொத்தம் நூறு என்று வந்தது. அம்மம்மா தாளை விரித்து வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு, மிச்சக் காசு கேட்காமல் கொடுத்தா.